பொருத்துள்ள குழாயும் பொருத்தில்லாக் குழாயும்



நாம் நாள்தோறும் பயன்படுத்தும் பொருள்களுள் குழாயைப் போலக் கவனிக்கப்படாத பொருள் பிறிதொன்றில்லை எனலாம். குழாய்க்கிணற்றின் அடியிலிருந்து நீரை மேலே கொணர்வது குழாய். துவிச்சக்கரவண்டியின் சட்டம் முழுவதும் குழாய். கொதிகலனுள்ளே நெருப்புக்கும் நீருக்கும் இடையே நிற்பதும் குழாயே. இவற்றுட் பல உருக்கினால் ஆனவை. உருக்கோ மிகக் கடினமான உலோகம். அத்தகைய உலோகத்திலே, ஆறு மீற்றர் நீளத்துக்கு ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நேரான துளையொன்றை எவ்வாறு உண்டாக்குகிறார்கள்? தச்சர் மரத்தைத் துளைப்பதுபோலத் துறப்பணத்தால் துளைக்கிறார்களா? அன்றித் தகட்டைச் சுருட்டி ஒட்டுகிறார்களா? இவ்வினாவுக்கு விடை தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

இப்பொழுது உங்கள் அருகில் ஒரு கடதாசி இருந்தால் அதை எடுத்துச் சுருட்டிப் பாருங்கள். நொடிப்பொழுதில் ஒரு குழாய் கிடைத்துவிடும். ஆனால் அதன் இரு விளிம்புகளும் சந்திக்கும் இடத்திலே, நீளவாக்கில் ஒரு கோடு இருப்பதைக் காண்பீர்கள். விரலை எடுத்தவுடன் குழாய் விரிவது அக்கோட்டின் வழியாகத்தான். அந்தக் கோட்டையே இப்பேச்சில் ‘பொருத்து’ என்று குறிப்பிடுவேன். உலகிலுள்ள உருக்குக் குழாய்கள் யாவற்றையும் இரண்டு குலங்களாகப் பிரிக்கலாம். தகட்டை வளைத்து விளிம்புகளை ஒட்டிச் செய்தவை பொருத்துள்ள குழாய்கள். திண்ணிய உருக்குத் துண்டின் நடுவே துளையை உண்டாக்கிச் செய்தவை பொருத்தில்லாக் குழாய்கள். குழாய் செய்யும் தொழிலின் வரலாறு முழுவதும் இப்பொருத்தோடு மனிதன் நடத்திய போராட்டத்தின் வரலாறே.

ஒரு மெல்லிய கோட்டைப் பற்றி இத்தனை கவலை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அதை விளங்கிக்கொள்ளச் சிறிய கணக்கொன்றைப் பார்ப்போம். மலைநாட்டு நீர்மின் நிலையங்களைக் கண்டவர்கள், மலைச்சரிவிலே பெரிய உருக்குக் குழாய்கள் இறங்கி வருவதைப் பார்த்திருப்பார்கள். 1950ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய லக்சபான நிலையத்திலும் இத்தகைய குழாய்களே உயரத்திலுள்ள நீரைக் கீழேயுள்ள சுழலிகளுக்குக் கொண்டுவருகின்றன. பத்து மீற்றர் உயரமான நீர், தன் அடியிலே ஒவ்வொரு சதுர சதமமீற்றர் பரப்பின்மீதும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் பாரத்தைச் சுமத்தும். ஆகவே நூறு மீற்றர் உயரமான நீர் பத்துக் கிலோகிராம் பாரத்தைச் சுமத்தும்.

விட்டம் ஒரு மீற்றராகவுள்ள குழாயொன்றில் இந்த அமுக்கம் இருப்பதாகக் கொள்வோம். அக்குழாயின் ஒரு சதமமீற்றர் நீளத்தை மட்டும் தனியே எடுத்து நோக்கினால், அதை இரண்டு பாதியாகப் பிளக்க முயலும் விசை 1,000 கிலோகிராம் ஆகும். இரு பக்கச் சுவர்களும் அதைப் பகிர்ந்துகொள்வதால் ஒவ்வொரு பக்கமும் 500 கிலோகிராம் தாங்கவேண்டும். இனி, இருமுனையும் மூடப்பட்ட இதே குழாயைக் குறுக்கே இரண்டாக அறுக்க முயலும் விசையைக் கணக்கிட்டால், சுற்றளவின் ஒவ்வொரு சதமமீற்றருக்கும் 250 கிலோகிராம்தான் வருகிறது. அஃதாவது, குழாயைக் குறுக்கே அறுக்கும் விசையைப்போல் இரண்டு மடங்கு விசை அதை நீளவாக்கிற் பிளக்க முயல்கிறது. அமுக்கம் மிகுந்த குழாய்கள் பெரும்பாலும் நெடுக்காகவே வெடிப்பது இதனாலேதான். பொருத்தும் நெடுக்காகவே ஓடுகிறது அன்றோ? குழாயின் வலிகுன்றிய இடமும், குழாய்மீது வரும் பெருஞ்சுமையும் ஒரே கோட்டிலே சந்திக்கின்றன. ஆங்கிலக் கணித அறிஞர் பீற்றர் பார்லோவின் பெயரால் வழங்கும் ஒரு சூத்திரத்தைக் கொண்டு பொறியியலாளர்கள் இன்றும் இச்சுமையைக் கணக்கிடுகிறார்கள்.

பண்டைக் காலத்தில் இக்கவலை எழவில்லை. மூங்கிலும் சுட்ட களிமண்ணும் ஈயமும் குடைந்த மரமும் நீர்க்குழாய்களாகப் பயன்பட்டன. 1664ஆம் ஆண்டிலே பிரான்சின் வெர்சாய் அரண்மனைப் பூங்காவின் நீரூற்றுகளுக்காக வார்ப்பிரும்புக் குழாய்கள் இடப்பட்டன. வார்ப்பிரும்பை அச்சிலே ஊற்றி வார்ப்பதால் அதிற் பொருத்து இல்லை. ஆயினும் அது கனமானது, தட்டினால் உடையக்கூடியது. அதை வளைக்கவும் இயலாது. தெருவின் கீழே நீர் கொண்டுசெல்ல அது போதும். மெல்லிய, நீண்ட குழாய்களுக்கு அது ஏற்றதன்று.

புதிய தேவையை உண்டாக்கியது விளக்கு. வில்லியம் மேர்டொக் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர் 1792ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தின் கோர்ண்வோலில் இருந்த தம் வீட்டை நிலக்கரியிலிருந்து பெற்ற வாயுவினால் ஒளிபெறச் செய்தார். இருபது ஆண்டுகளுக்குள் லண்டன் மாநகரின் வீதிகளிலே வாயு விளக்குகள் எரியத் தொடங்கின. வீதி வீதியாக, வீடு வீடாக வாயுவைக் கொண்டுசெல்லச் சிறு குழாய்கள் வேண்டியிருந்தன. அக்காலத்தில் இரும்புக் குழாய் செய்யத் தெரிந்தவர்கள் துப்பாக்கி செய்யும் கொல்லர்களே. நெப்போலியனோடு நிகழ்ந்த போர்கள் முடிந்தபின் பழந்துப்பாக்கிகள் குவிந்து கிடந்தன. அவற்றின் குழல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திருகி இணைத்து வாயுக் குழாய்களாகப் பயன்படுத்தினர் என்று சொல்வார்கள். உயிரைப் போக்கிய குழல் வீட்டுக்கு ஒளி கொணரும் குழலாயிற்று.

ஆனால் பழந்துப்பாக்கிகளைக் கொண்டு எத்தனை நகரங்களுக்கு விளக்கேற்ற முடியும்? துப்பாக்கிக் குழலைச் செய்யும் முறையோ மிக மெதுவானது. தேனிரும்புப் பட்டையை உலையிலே காய்ச்சி, ஒரு தண்டின்மீது வளைத்து, விளிம்புகளைச் சிறிது சிறிதாகச் சம்மட்டியால் அடித்து ஒட்டவேண்டும். வெண்சூடான இரும்பின் இரு விளிம்புகளை அழுத்தி ஒரே உலோகமாக்கும் இச்செயலைக் காய்ச்சி ஒட்டுதல் என்பர். பட்டறைகளில் இன்று இதை வெல்டிங் என்றே அழைக்கிறார்கள்.

இந்நிலையை மாற்றியவர் கொர்னீலியஸ் வைற்ஹவுஸ். இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள வெட்னஸ்பரி என்னும் ஊரைச் சேர்ந்த இவர் 1825ஆம் ஆண்டில் ஒரு புதிய முறைக்குக் காப்புரிமை பெற்றார். பொற்கொல்லர் கம்பியச்சின் துளை வழியே பொற்கம்பியை இழுத்து மெல்லியதாக்குவதை நீங்கள் கண்டிருக்கலாம். வைற்ஹவுசின் முறையும் ஏறத்தாழ அத்தகையதே. நீண்ட இரும்புப் பட்டையை உலையிலே வெண்சூடாகும்வரை காய்ச்சினார். பின்பு அதன் ஒரு முனையைப் பற்றி, மணியின் வடிவிலமைந்த வாயொன்றின் ஊடாக இழுத்தார். வாய் குறுகக் குறுகப் பட்டை வளைந்தது. விளிம்புகள் நேருக்கு நேர் முட்டின. அந்த நெருக்கத்திலேயே ஒட்டிக்கொண்டன. சம்மட்டி அடி இல்லை. உள்ளே தண்டும் இல்லை. பல அடி நீளமான குழாய் ஒரே இழுப்பில் உருவாயிற்று. வெட்னஸ்பரி குழாய்த் தொழிலுக்குப் பேர்பெற்ற நகராயிற்று.

பின்னர் அகன்ற குழாய்களுக்கு, விளிம்புகளைச் சரிவாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றி, உருளைகளுக்கிடையே அழுத்தி ஒட்டும் முறையும் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கர் வைற்ஹவுசின் முறையையே ஓயாது ஓடும் முறையாக மாற்றினர். ஒரு பட்டைச் சுருள் முடியும் முன்பே அடுத்த சுருளின் முனையை அதனோடு ஒட்டிவிடுவர். நீண்ட உலையினுள் ஒரு முனையில் தட்டையான பட்டை நுழையும். மறு முனைக்கு அப்பால் உருளைகளிலிருந்து குழாய் ஆறுபோல ஓடிவரும். ஓட்டத்தை நிறுத்தாமலே வாள் அதை வேண்டிய நீளத்துக்கு அறுத்துக்கொண்டிருக்கும். நீர்க்குழாய்களும் வேலிக் குழாய்களும் மலிவாகக் கிடைக்கலாயின.

இவ்வாறு ஒட்டப்பட்ட பொருத்து வீட்டு நீருக்கும் விளக்கு வாயுவுக்கும் போதுமானதாக இருந்தது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே நீராவிப் பொறிகள் மேன்மேலும் உயர்ந்த அமுக்கத்தை வேண்டி நின்றன. துவிச்சக்கரவண்டி செய்வோரோ பாரம் குறைந்த, சுவர் மெல்லிய, ஆயினும் முறியாத குழாயைக் கேட்டனர். பொருத்தே இல்லாத குழாய் வேண்டுமென்ற ஆவல் எழுந்தது. திண்ணிய உருக்குத் தண்டை நடுவே குடைந்து பின்பு நீட்டிப் பார்த்தனர். அது இயலாததன்று, எனினும் குடையும்போது நல்ல உருக்கு சீவலாக வீணாயிற்று, காலமும் மிகச் சென்றது.

இதற்கு ஜேர்மனியில் ஒரு விடை பிறந்தது. றெம்ஷைட் என்னும் ஊரிலே மன்னெஸ்மன் குடும்பத்தார் அரம் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தனர். அக்குடும்பத்துச் சகோதரர்களான றைன்ஹாட், மக்ஸ் என்போர் உருக்குத் தண்டுகளை உருட்டும் முறைகளை ஆராய்ந்தனர். சூடான தண்டை இரு உருளைகளுக்கிடையே குறுக்காக உருட்டினால் அதன் நடுப்பகுதி சிலவேளை பிளந்துவிடும். தண்டு செய்பவனுக்கு அது பெருங்குற்றம். மன்னெஸ்மன் சகோதரர்கள் அக்குற்றத்தையே குணமாகக் கண்டனர். தண்டின் நடுவே பிளவு தானாகத் தோன்றுமானால், அப்பிளவை ஒழுங்குபடுத்தித் துளையாக்கிக்கொள்ளலாமே என்று எண்ணினர். 1885ஆம் ஆண்டில் அம்முறைக்குக் காப்புரிமையும் பெற்றனர்.

அம்முறை எவ்வாறு நிகழ்கிறதென்று பார்ப்போம். பீப்பாயைப் போல நடுவிற் பருத்த இரண்டு பெரிய உருளைகள் அருகருகே இருக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று நேர் இணையாக இல்லாமல், சில பாகைகள் எதிரெதிரே சாய்ந்திருக்கும். இரண்டும் ஒரே திசையிற் சுழலும். ஏறத்தாழ 1,200 பாகை செல்சியஸ் வரை சூடாக்கிய உருண்டையான உருக்குத் துண்டை அவற்றினிடையே செலுத்துவர். உருளைகள் சுழல்வதால் துண்டும் சுழலும். அவை சாய்ந்திருப்பதால் அது திருகாணிபோல முன்னேறும். உருளைகள் இருபுறமும் நெருக்கும்போது, துண்டின் வெட்டுமுகம் வட்டம் குலைந்து சற்றே நீள்வட்டமாகும். நெருக்கும் திசைக்குக் குறுக்குத் திசையிலே நடுப்பகுதி இழுபடும். துண்டு விரைந்து சுழல்வதால், நடுவிலுள்ள உலோகம் ஒரு கணம் நெருக்கப்படுகிறது. மறு கணம் இழுக்கப்படுகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் அது தளர்ந்து முறிவதுபோல, துண்டின் நடுப்பகுதியும் தளர்ந்து வாய் திறக்கிறது. அவ்விடத்திலே ஒரு தண்டின் நுனியிற் பொருத்திய கூரிய குமிழ் காத்திருக்கும். திறக்கும் வாயினுள் குமிழ் புகுந்து துளையை நேராக்கி, உட்சுவரை மழமழப்பாக்கும். சீவலாக ஓர் அணுவும் வீணாவதில்லை. சில விநாடிகளில் திண்ணிய துண்டு, சுவர் தடித்த குழாயாகிவிடும்.

ஆனால் சுவர் தடித்த, குறுகிய அந்தக் குழாயைக் கொண்டு யாது செய்வது? அதை மெல்லியதாகவும் நீண்டதாகவும் ஆக்கவேண்டும். இதற்கும் மன்னெஸ்மன் சகோதரர்களே, 1890ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், ஒரு வழி கண்டனர். துளையினுள் ஒரு தண்டைச் செருகி, ஆழம் மாறிக்கொண்டே செல்லும் பள்ளங்கள் வெட்டிய இரு உருளைகளுக்கிடையே குழாயை வைப்பர். உருளைகள் குழாயின் ஒரு சிறு பகுதியைக் கவ்வி, மெல்லியதாக்கி, அதைப் பின்னோக்கித் தள்ளும். பின்பு பிடி தளரும். அப்பொழுது குழாயைச் சிறிது திருப்பி, முன்னைவிடச் சற்றே கூடுதலாக உள்ளே செலுத்துவர். மீண்டும் கவ்வும், மீண்டும் தள்ளும். இவ்வாறு முன்னும் பின்னுமாக அசைந்து குழாய் நீள்கிறது. லக்சம்பேர்க் நாட்டின் எக்டர்னாக் நகரிலே யாத்திரிகர்கள் ஆடிக்கொண்டு செல்லும் பழைய ஊர்வலம் ஒன்று உண்டு. அவர்கள் சில அடி முன்வைத்துச் சில அடி பின்வைத்து நகர்வதாகக் கூறுவர். அந்த நடையை நினைந்து ஜேர்மன் மக்கள் இம்முறைக்கு யாத்திரிகர் நடை என்று பொருள்படும் பெயரையே சூட்டினர். இன்றும் அதே பெயர் வழங்குகிறது.

அதன்பின் வேறு பல உருட்டு முறைகளும் வந்துள்ளன. நீண்ட தண்டொன்றைத் துளையுட் செருகி, பல சோடி உருளைகளினூடே ஒரே ஓட்டமாகச் செலுத்திக் குழாயை நீட்டும் ஆலைகளே இன்று மிகுதி. ஆயினும் திண்ணிய துண்டிலே முதலில் துளை திறக்கும் வேலைக்குச் சாய்ந்த உருளைகளையே பெரும்பாலும் நம்பியிருக்கிறார்கள்.

சூடாக உருட்டிய குழாயின் மேற்பரப்பு கரடுமுரடானது. அளவும் சற்றே முன்பின்னாக இருக்கும். நுண்ணிய அளவு வேண்டுமாயின் குழாய் குளிர்ந்த பின்பு, அமிலத்திற் கழுவி, எண்ணெயோ சவர்க்காரமோ பூசி, கடினமான அச்சின் துளைவழியே இழுப்பர். இங்கும் பொற்கொல்லரின் கம்பியச்சே நினைவுக்கு வருகிறது. இவ்வாறு குளிர்நிலையில் இழுக்கும்போது உருக்கு மேலும் வலிமை பெறுகிறது. ஆனால் அளவுக்குமேல் இழுத்தால் உடையும் தன்மை வந்துவிடும். ஆகவே இடையிடையே அதைச் சூடாக்கி ஆறவிட வேண்டும்.

துவிச்சக்கரவண்டியின் சட்டத்திலே இக்கலையின் நுட்பத்தைக் காணலாம். பேர்மிங்காமைச் சேர்ந்த அல்பிரட் றெனோல்ட்ஸ் என்பவர் 1897ஆம் ஆண்டில் ஒரு சிறந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். சட்டத்திலே மிகுந்த பளு விழுவது குழாய்கள் ஒன்றோடொன்று இணையும் முனைகளில். நடுப்பகுதியில் அத்துணைப் பளுவில்லை. எனவே வெளிவிட்டம் எங்கும் ஒன்றாக இருக்க, உட்புறத்தில் முனைகளில் மட்டும் சுவர் தடித்திருக்கும்படி குழாயை இழுத்துச் செய்தார். பார்ப்போர் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. வண்டியைத் தூக்குபவருக்குத்தான் தெரியும். 1935இல் வெளிவந்த 531 என்னும் எண் பெற்ற றெனோல்ட்ஸ் குழாய் பல்லாண்டுகள் பந்தய வண்டிகளுக்குப் புகழ் சேர்த்தது.

மற்றொரு முறையை நம் இல்லத்தரசிகள் எளிதில் விளங்கிக்கொள்வார்கள். இடியப்ப உரலில் மாவை இட்டு அழுத்தினால் துளைகளின் வழியே இழை இழையாக வெளிவருகிறது. அதேபோலச் சூடான உருக்கைப் பெரும் விசையோடு ஓர் அச்சின் வழியே பிதுக்கலாம். அச்சுத் துளையின் நடுவே ஒரு தண்டு நிற்குமாயின், வெளிவருவது கம்பியாக இராது; குழாயாகவே இருக்கும். கறையில் உருக்கு முதலிய கடினமான கலப்புருக்குகளுக்கு இம்முறை ஏற்றது. ஆனால் அத்துணைச் சூட்டிலே எந்த எண்ணெய் நிற்கும்? பிரான்சு நாட்டின் செஜூர்னே என்பவர் 1940களில் இதற்குக் கண்ணாடியைப் பயன்படுத்திக் காட்டினார். உருக்கின் சூட்டிலே கண்ணாடித்தூள் உருகி, தேன்போலப் படர்ந்து, அச்சுக்கும் உலோகத்துக்கும் இடையே வழுக்கும் படலமாகிவிடுகிறது.

இத்தனை நல்ல பொருத்தில்லாக் குழாய்கள் இருக்கையில், பொருத்துள்ள குழாய்கள் மறைந்துபோயிருக்க வேண்டுமே என நீங்கள் எண்ணலாம். நடந்ததோ அதற்கு மாறானது. இன்று உலகிற் செய்யப்படும் உருக்குக் குழாய்களிற் பெரும்பகுதி பொருத்துள்ளவையே. இதற்குக் காரணங்கள் உள. தகட்டின் தடிப்பு எங்கும் ஒன்றாக இருப்பதால் அதை வளைத்துச் செய்த குழாயின் சுவரும் ஒரே தடிப்பாக இருக்கும். துளைத்துச் செய்த குழாயிலோ குமிழ் சிறிது விலகினாலும் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்துவிடும். பொருத்துள்ள குழாய்க்கு விலையும் குறைவு. விட்டம் மிகப் பெரிய குழாய்களையோ துளைத்துச் செய்வது அரிது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒட்டும் கலை மின்சாரத்தின் துணையால் பெரிதும் முன்னேறிவிட்டது.

மின்சாரம் பொருத்தை ஒட்டும் விதத்தைக் கேளுங்கள். சுருளாக வரும் உருக்குப் பட்டையை, சூடாக்காமலே, வரிசையாக நிற்கும் பல சோடி உருளைகள் சிறிது சிறிதாக வளைக்கின்றன. கடைசியில் இரு விளிம்புகளும் கத்தரிக்கோலின் வாய்போல நெருங்கி வருகின்றன. அவ்விடத்திலே செக்கனுக்குப் பல இலட்சம் முறை திசைமாறும் மின்னோட்டத்தைச் செலுத்துகிறார்கள். இவ்வளவு விரைந்து திசைமாறும் மின்னோட்டம் உலோகத்தின் ஆழத்துட் செல்லாது. மேற்பரப்பிலே, விளிம்புகளை ஒட்டியே ஓடும். ஆகவே விளிம்புகள் மட்டும் கணப்பொழுதில் வெண்சூடாகின்றன. அக்கணத்திலேயே இரு உருளைகள் அவற்றை நெருக்குகின்றன. துருவும் அழுக்கும் உருகிய உலோகத்தோடு வெளியே பிதுங்கிவிட, தூய உலோகம் தூய உலோகத்தோடு ஒன்றாகிறது. பிதுங்கிய வரம்பை ஓர் உளி சீவிவிடும். பின்பு பொருத்தை மட்டும் மறுபடி சூடாக்கி ஆறவிட்டு அதன் இறுக்கத்தைத் தணிப்பர். இதற்கு முந்திய காலத்தில் திசைமாற்றம் குறைந்த மின்னோட்டத்தைச் செம்புச் சக்கரங்கள் வழியே செலுத்தினர். அவ்வாறு செய்த பழைய குழாய்களிற் சிலவற்றின் பொருத்துகள் பிற்காலத்திற் குறையுடையனவாகக் காணப்பட்டன.

எண்ணெயையும் இயற்கை வாயுவையும் நாடு கடந்து கொண்டுசெல்லும் பெருங்குழாய்களுக்குத் தடித்த தகடுகள் வேண்டும். ஒரு தகட்டை முதலிற் பெரிய அழுத்தி ஒன்று தொட்டில்போல வளைக்கும். அடுத்தது அதை வட்டமாக்கும். பின்பு மணல்போன்ற ஒரு பொடிக் குவியலின் கீழே மின்சுடரை எரியவிட்டுப் பொருத்தை உருக்கி ஒட்டுவர். காற்றிலுள்ள ஒட்சிசன் உருகிய உலோகத்தை அணுகாமல் அப்பொடி காக்கும். உட்புறமிருந்து ஒருமுறையும் வெளிப்புறமிருந்து ஒருமுறையுமாக இருபுறமும் ஒட்டவேண்டும். இரு ஒட்டுகளும் சுவரின் நடுவே சந்திக்கவேண்டும். இதை மறவாதீர்கள், சிறிது நேரத்தில் இதன் காரணம் தெரியும். இறுதியாகக் குழாயை உள்ளிருந்து சற்றே விரித்து வட்டத்தைச் சீராக்குவர். 1977ஆம் ஆண்டில் நிறைவெய்திய அலாஸ்காவின் எண்ணெய்க் குழாய்வழி, விட்டம் 48 அங்குலமும் நீளம் ஏறத்தாழ 1,300 கிலோமீற்றரும் உடையது. அதன் குழாய்கள் ஜப்பானிலே செய்யப்பட்டுக் கப்பலில் அனுப்பப்பட்டவை. இஃதன்றி, பட்டையைச் சுருள் சுருளாகச் சுற்றி ஒட்டும் முறையும் உண்டு. அதிற் பொருத்து நேர்கோடாக ஓடாமல், கம்பத்தைச் சுற்றிய கொடிபோல வளைந்து செல்லும்.

செய்து முடித்த குழாயைச் சோதிக்காமல் வெளியே விடுவதில்லை. இருமுனையையும் அடைத்து, நீரை நிரப்பி, பயன்பாட்டில் வரக்கூடியதிலும் மிகுந்த அமுக்கத்தைக் கொடுப்பர். காற்றை நிரப்பாமல் நீரை நிரப்புவது ஏன்? காற்று நெருக்கப்படும்போது சுருள்வில்லைப் போலச் சத்தியைச் சேமித்துவைக்கும். குழாய் வெடித்தால் அது சிதறடிக்கும். நீரோ நெருக்கத்துக்கு இடங்கொடாது. ஆதலால் பிளவு தோன்றினாலும் அமுக்கம் உடனே தணிந்துவிடும். செவிக்குப் புலப்படாத ஒலியலைகளைப் பொருத்தின்மீது செலுத்தி, எதிரொலியைக் கொண்டு மறைந்திருக்கும் வெடிப்பையும் கண்டறிவர். குழாயிலிருந்து ஒரு வளையத்தை அறுத்தெடுத்து நசுக்கிப் பார்க்கும் பழைய சோதனையும் இன்றுவரை கைவிடப்படவில்லை.

இச்சோதனைகள் எதற்கு என்பதை ஒரு துயர நிகழ்ச்சி உணர்த்துகிறது. 2010ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் நாள் மாலை, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள சான் புரூனோ நகரில், வீடுகள் நிறைந்த ஒரு பகுதியின் நிலத்தடியே சென்ற இயற்கை வாயுக் குழாய் வெடித்தது. எட்டுப் பேர் உயிரிழந்தனர். 38 வீடுகள் அழிந்தன. வாயுவை அடைக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேற் சென்றது. அக்குழாய் 1956ஆம் ஆண்டில் இடப்பட்டது. விட்டம் 30 அங்குலம். அதன் பதிவேட்டிலே பொருத்தில்லாக் குழாய் என்று எழுதப்பட்டிருந்தது. ஆனால் அந்நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை வெடித்த துண்டை ஆராய்ந்தபோது, அது பொருத்துள்ள குழாய் என்று தெரியவந்தது. அதிலே சில குறுந்துண்டுகளின் பொருத்து வெளிப்புறத்தில் மட்டும் ஒட்டப்பட்டிருந்தது. உட்புறம் ஒட்டப்படவே இல்லை.

நாம் முதலிற் செய்த கணக்கை இதற்கும் பொருத்திப் பார்க்கலாம். வெடித்த வேளையில் அக்குழாயினுள் ஒவ்வொரு சதுர சதமமீற்றருக்கும் ஏறக்குறைய 27 கிலோகிராம் அமுக்கம் இருந்தது. விட்டம் 76 சதமமீற்றர். ஆகவே பொருத்தின் ஒவ்வொரு சதமமீற்றர் நீளமும் ஏறத்தாழ 1,000 கிலோகிராமைத் தாங்கவேண்டியிருந்தது. முழுமையாக ஒட்டப்பட்ட உருக்குச் சுவருக்கு இது பெருஞ்சுமையன்று. பாதி மட்டும் ஒட்டிய பொருத்தோ ஐம்பத்து நான்கு ஆண்டுகள் மெல்ல மெல்ல விரிசல் கண்டு, ஒருநாள் பிளந்துவிட்டது. ஒட்டியவர் செய்த குறையைப் பார்வையிட்டவர் கண்டிருந்தால், அல்லது பதிவேட்டை எழுதியவர் உள்ளதை உள்ளவாறு எழுதியிருந்தால், அக்குழாயைச் சோதித்து அகற்றியிருக்கலாம். பொருத்து இருப்பது குற்றமன்று. பொருத்து இருப்பதை அறியாதிருப்பதே ஆபத்து.

இறுதியாக, நம் வீட்டருகே காணும் குழாய்களைப் பற்றிச் சில சொற்கள். இன்று வீட்டு நீருக்குப் பெரும்பாலும் பி.வி.சி. குழாய்களையே இடுகிறோம். ஆயினும் குழாய்க்கிணற்றின் கைப்பம்பியிலும் வேலித் தூண்களிலும் பந்தற் கால்களிலும் நாகம் பூசிய உருக்குக் குழாய்கள் இன்னும் உள. அவற்றுட் பெரும்பாலானவை பொருத்துள்ள குழாய்களே. உள்ளே விரலை விட்டு மெல்லச் சுற்றினால், மெல்லிய வரம்பொன்று தட்டுப்படக்கூடும், அதுவே பொருத்து. குழாயைத் துருவிலிருந்து காக்க, அமிலத்திற் கழுவி, ஏறத்தாழ 450 பாகை செல்சியஸ் சூட்டில் உருகிய நாகத்திலே அமிழ்த்தி எடுக்கிறார்கள். நாகம் உருக்குக்கு முன்பாகத் தான் அரிபட்டு உருக்கைக் காக்கும். ஆனால் முனையிலே புரி வெட்டும்போது நாகமும் வெட்டுண்டு போகிறது. துரு முதலில் இணைப்புகளிலே தோன்றுவது அதனாலேயே. புரி வெட்டியபின் அவ்விடத்துக்குச் சிறிது பூச்சுப் பூசினால் குழாயின் ஆயுள் நீடிக்கும்.

கடையிற் குழாய் வாங்குவோர் இன்னொன்றையும் நோக்கலாம். அரை அங்குலக் குழாய் என்பது பெயரளவே; அதன் வெளிவிட்டம் 21.3 மில்லிமீற்றர். எல்லாத் தடிப்பிலும் ஒரே புரி பொருந்த வேண்டுமென்பதற்காக வெளிவிட்டத்தை மாற்றாமல், சுவரின் தடிப்பை உட்புறமாகவே கூட்டியும் குறைத்தும் செய்கிறார்கள். எனவே வெளியே பார்த்தால் மெல்லியதும் தடித்ததும் ஒன்றுபோலத் தோன்றும். பிரித்தானிய நியமப்படி செய்த குழாய்களில், நடுத்தரத் தடிப்புக்கு நீல நிறப் பட்டையும் மிகுந்த தடிப்புக்குச் சிவப்பு நிறப் பட்டையும் இடுவது வழக்கம். நிறத்தைப் பார்த்து, முனையிலே சுவரின் தடிப்பையும் பார்த்து, உட்புறத்தில் விரலால் பொருத்தையும் தடவிப் பார்த்து வாங்குவது நன்று. குழாயின் வாயைச் சற்று உற்று நோக்கினால், அது தகட்டை வளைத்துப் பிறந்ததா, திண்ணிய துண்டைத் துளைத்துப் பிறந்ததா என்பதை இனி நீங்களே ஊகித்தறியக் கூடும்.